பீலித் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது? நீரேந்து எல்லை வரைவதில் சிக்கல்

லயத்துப்பையன்:
வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். ஓடையில் சின்னத் தொட்டி கட்டி, குழாய் போட்டு, லயத்துப் பீலிக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளின் பொதுத் தண்ணீர்க் குழாய்) தண்ணீர் வருகிறது. தொட்டிக்கு மேலே ஏழாம் நம்பர் மலையில் (தேயிலைப் பகுதி) களைக்கு மருந்து அடிக்கிற நாட்களில் தண்ணீரில் வாடை வருவதாக அம்மா ஆட்கள் சொல்கிறார்கள். துரையிடம் (தோட்ட மேலாளர்) போனால், "அந்த மலைத் தண்ணீர் மற்றப் பக்கம்தான் இறங்குது" என்கிறார். படம் வரைந்து காட்டலாம் என்று பார்க்கிறேன்.

நில உயரத்தை 30 மீட்டர் கட்டம் கட்டமாகத் தருகிற எஸ்ஆர்டிஎம் தரவை இறக்கி, தோட்டத்து அளவுக்கு வெட்டி, கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில், தண்ணீர் ஓடும் வழியைக் கணக்கிடும் கிராஸ் தொகுப்பின் ஆர்.வாட்டர்ஷெட் ஓட்டினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கட்டத்துத் தண்ணீர் வருகிறது என்று காட்டும் நீர் சேரும் படத்தில் ஓடை நெடுக மைனஸ் எண்கள். தொட்டியின் ஜிபிஎஸ் புள்ளியைக் கொடுத்து ஆர்.வாட்டர்.அவுட்லெட் ஓட்டினால், நீரேந்து பகுதி (அந்தப் புள்ளிக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம்) என்று இரண்டே கட்டம் வருகிறது. 12.5 மீட்டர் தரவு எடுத்தால் சரியாகுமா?

ஊவாக்காரன்:
ஆலோஸ் செயற்கைக்கோளின் பல்சார் 12.5 மீட்டர் தரவு எடுங்க ப்ரோ. நான் அதுதான் பாவிக்கிறேன், படம் நல்ல தெளிவு.

பழைய செயின்மேன்:
தம்பி, 12.5ஐ விடுங்கள். ஆலோஸ் படத்தோடு வருகிற அந்த உயரக் கோப்பு நம் பகுதிக்கு எஸ்ஆர்டிஎம்மையே சின்னக் கட்டமாக நறுக்கியது. ஒரு கோப்பைச் சாயத்தண்ணியில் சுடுதண்ணி ஊற்றி இரண்டு கோப்பை ஆக்குகிற வேலை. படம் வழவழப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

மைனஸ் எண் கோளாறு இல்லை. "இந்தக் கட்டத்துக்குப் படத்துக்கு வெளியே இருந்தும் தண்ணீர் வரக்கூடும், என் எண்ணிக்கையை நம்பாதே" என்று கிராஸ் சொல்கிற விதம் அது. தோட்ட எல்லையோடு வெட்டினால் வராமல் என்ன செய்யும்? நாலு பக்கமும் முகடு தாண்டி எடுங்கள். கெசல்கமுவ ஓயாவின் தலைப்பு முழுக்க, காசல்ரீ நீர்த்தேக்கம் வரைக்கும் எடுத்தாலும் சாதாரண மடிக்கணினிக்கு அது பாரமில்லை.

இரண்டு கட்டம் வருவது புள்ளி விழுந்த இடத்தால். மரத்தடியில் போன் ஜிபிஎஸ் பத்து மீட்டர் சுலபமாகத் தள்ளும். தரவில் இருக்கிற ஓடையும் நிஜ ஓடையும் ஒரே இடத்தில் இருக்கும் என்று இல்லை. நீர் சேரும் படத்தைத் திறந்து, தொட்டிக்குக் கிட்ட எண் திடீரென்று ஏறுகிற கட்டத்தின் நடுவில் புள்ளியை வையுங்கள். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், 100 கட்டம் 9 ஹெக்டேர், ஏறக்குறைய 22 ஏக்கர். மலை நம்பர்களின் ஏக்கர் கணக்கு கங்காணிக்கு மனப்பாடமாக இருக்கும், அதோடு ஒத்துப் பாருங்கள்.

இலங்கை ஆள்கூற்று முறைக்கு, அதாவது இபிஎஸ்ஜி 5235க்கு மாற்றும்போது பைலீனியர் (சுற்றுக் கட்டங்களின் உயரத்தைச் சராசரி பார்க்கிற முறை) தெரிவு செய்யுங்கள். கிட்டிய கட்டத்தை அப்படியே எடுக்கிற முறையில் மாற்றினால் கோடு கோடாக விழும், தண்ணீர் அந்தக் கோட்டில் வழி தப்பும்.

தரவு என்றால் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டரைப் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் விண்கலத்திலிருந்து 11 நாளில் அளந்தது. கோப்பர்நிக்கஸுக்கு அடிப்படை 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் எடுத்தது. ஆனால் இரண்டிலும் மரத்தின் உயரமும் சேர்ந்திருக்கும். ஓடைக்கரையில் யூக்கலிப்டஸ் தோப்பு நின்றால் அதுவே ஒரு முகடாகத் தெரியும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்த ஃபேப்டெம் என்று ஒன்று உண்டு, வியாபாரத்துக்கு இல்லையென்றால் இலவசம். கோப்பர்நிக்கஸிலும் ஃபேப்டெமிலும் ஓட்டி, எல்லை எங்கே மாறுகிறது என்று பாருங்கள். மாறுகிற இடத்தில்தான் சந்தேகம்.

ஹட்டனில் இதைப் பார்க்கலாம். நகரத்துக்கு ஒரு பக்கம் விழுகிற மழை மகாவலி ஆற்றுக்கு, டிக்கோயாப் பக்கம் விழுவது களனி ஆற்றுக்கு. அந்த மேட்டில் கோடு ஒரு கட்டம் இடம்பெயர்ந்தால், கொழும்புக்குப் போக வேண்டிய தண்ணீர் திருகோணமலைக்குப் போய்விடும்!

அப்புறம், துரை சொல்வதும் முழுப்பொய்யாக இருக்காது. தேயிலை மலையில் குறுக்கே வெட்டிய கான் (வடிகால்) தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டு போகும். அடி கணக்கில் அகலமுள்ள கான் 30 மீட்டர் கட்டத்துக்குத் தெரியவே தெரியாது. ரோட்டும் அப்படித்தான், மதகு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கீழே விடும். நல்ல மழையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பரில் ஏறி, எந்தக் கான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் இந்தப் படத்தைத் துரை மேசையில் வைக்காதீர்கள்.

தலவாக்கலை அக்கா:
தம்பி, தொட்டியில் விழுவது ஓடைத் தண்ணீரா, ஊற்றா? பெப்ரவரி, மார்ச் வெயிலிலும் வற்றாமல் வந்தால் ஊற்றின் பங்கு பெரிது. உக்கிய பாறை மண்ணுக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் ஓடுகிற தண்ணீர் மேல் முகட்டை மதித்து நடக்காது. செயின்மேன் அண்ணா சொன்ன படம் மேல் ஓட்டத்துக்கு மட்டும்தான். தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் களைமருந்தைப் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள், சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் அது இருக்காது. மருந்து அடித்த பிறகு வருகிற முதல் மழையில் எடுங்கள்.

லயத்துப்பையன்:
பெரிதாக வெட்டி ஓட்டினேன். மைனஸ் இப்போது படத்தின் விளிம்பில் மட்டும். புள்ளியை ஒரு கட்டம் நகர்த்தியதும் 14 ஹெக்டேர் வந்தது, கங்காணி கணக்குக்குக் கிட்டத்தட்ட சரி. ஏழாம் நம்பரில் கீழ்ப்பாதி கோப்பர்நிக்கஸிலும் ஃபேப்டெமிலும் எங்கள் பக்கம். மேல்பாதி ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே. நடுவில் லொறி ரோட்டு ஒன்று போகிறது, அதில் இரண்டு மதகு. அக்கா, தொட்டித் தண்ணீர் வெயிலில் பாதிக்குப் பாதி குறையும், ஆனால் நிற்காது.

பழைய செயின்மேன்:
அப்படியென்றால் மேல்பாதியைப் பேச்சில் இழுக்காதீர்கள், கீழ்ப்பாதியை மட்டும் கேளுங்கள். இரண்டு மதகையும் போனில் குறித்து, தண்ணீர் ஓடுகிற நேரத்தில் வாய்ப்பக்கம் படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த மதகு தொட்டி ஓடைக்கு விடுகிறது என்று தெரிந்தால், அந்த ரோட்டுக்கு மேலே இருக்கிற கான்களைக் கையாலேயே கோடு போட்டுச் சேர்த்துவிடலாம்.