டான் ஷின்பேய்: அடைச்ச குரலில் இருந்து ஒரு பாணி எப்படி வந்தது?

முள்ளியவளைக் காத்தான்:

வணக்கம். எங்கள் ஊரில் காத்தவராயன் கூத்துக்கு வேசம் கட்டுகிறவன் நான். சின்ன வயதில் நல்லாய்ப் பாடினேன். குரல் உடைந்த பிறகு மேல் சுருதிக்குப் போனால் அடைக்குது, காற்றுத்தான் வருகுது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் எனக்கு மாமா முறை. "தொண்டையைத் திறந்து பாடடா, கடைசியில் இருக்கிற சனத்துக்குக் கேட்க வேணும்" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏச்சு.

நாடகமும் அரங்கியலும் படிப்பித்த ரீச்சர் ஒருக்கா ஒரு கதை சொன்னவா. சீனாவின் பாட்டு நாடகமான பீக்கிங் ஒப்பராவில் டான் ஷின்பேய் என்று ஒருவர், அவருக்கும் குரல் போனதாம், பிறகு அதே குரலை வைத்துப் புதுப் பாட்டுமுறை ஒன்றையே உண்டாக்கினாராம். தேடினால் அங்கே பெண் வேசத்துக்குப் பேர்போன மெய் லான்ஃபாங் பற்றித்தான் எல்லா இடமும் வருகுது. இவர் ஆர், எப்படிப் பாடினார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஆர்மோனியக்காரன், வவுனியா:

தம்பி, ரீச்சர் சொன்னது உண்மை. நான் இசை நாடகத்துக்கும் கூத்துக்கும் ஆர்மோனியம் வாசித்த ஆள். பாட்டுக்காரரின் மூச்சு எங்கே முடியும் என்று பார்த்துப் பார்த்தே காலம் போனது. அதனால் இந்த மனிசரில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு.

டான் 1847இல் ஹூபெய் மாகாணத்தில், இன்றைய வூஹான் பக்கம் பிறந்தவர். தகப்பனும் மேடைக்காரர், கிழவி வேசம் கட்டிப் பாடுகிறவர். உச்சத்தில் கத்திப் பாடும் ஒரு குருவியின் பெயரை அவருக்குப் பட்டமாக வைத்திருந்தார்கள். மகனுக்கும் அதே பட்டம்தான், முன்னால் ஒரு 'சின்ன' மட்டும். பட்டம் வந்தது, தகப்பனின் தொண்டை வரவில்லை. வாலிபத்தில் குரல் உடைந்து பாட்டு நின்றுபோனது. சண்டை வேசம் கட்டிக்கொண்டு, பெய்ஜிங்குக்கு வெளியே ஊர் ஊராய்த் திரிந்த சின்னக் குழுக்களோடு அலைந்தார். இடையில் ஒரு பணக்கார வீட்டுக்குக் காவலாகவும் நின்றார். வாள் வீச்சு நல்லாய்த் தெரிந்த ஆள்.

பிறகு சான்சிங் குழுவில் சேர்ந்தார். 1790இல் சியென்லுங் பேரரசரின் 80ஆவது பிறந்தநாளுக்காக அன்ஹுய் மாகாணத்து நாடகக் குழுக்கள் தலைநகருக்கு வரத் தொடங்கின, அதில் முதலாவதாக வந்த குழு அது. டான் போன காலத்தில் அதன் தலைவர் செங் சாங்கெங். அந்தக் காலத்து ஆண் பாட்டு எப்படியென்றால், இடி முழக்கம்தான். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, நேராக, பலமாக விடுகிறது. விடாமல் என்ன செய்வது? அரங்கம் என்பது அங்கே தேநீர்க்கடை. சனம் குடித்துக்கொண்டும் கொறித்துக்கொண்டும் கதைத்துக்கொண்டும் இருக்கும். உன்னுடைய மாமா கேட்கிற பாட்டும் அந்த வகைதான்.

செங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டானுக்கு வாய் பெரிசு, சண்டை வேசத்துக்கு அழகில்லை, தாடி கட்டி முதியவர் வேசத்துக்கு மாறினால் வாயும் மறையும், குரலும் எடுபடும் என்று அவர்தான் சொன்னாராம். அதோடு விடவில்லை. நான் செத்த பிறகு நீதான் தனிக்காட்டு ராசா, ஆனால் உன் குரலில் இனிப்புக் கூடிப்போச்சு, நாடு அழியப் போகிற காலத்துப் பாட்டு இது என்றும் சொன்னாராம். செங் 1880இல் காலமானார். பேரரசு 1912இல் விழுந்தது. பிறகு வந்தவர்கள் கதையை மெருகேற்றியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு அண்ணாவியார் வாயில் வரக்கூடிய பேச்சுத்தான்.

இனிப் பாட்டுக்கு வருவோம். அவருடைய குரலை 'மேகம் மூடிய நிலா' என்பார்கள். தொடக்கத்தில் மங்கலாக, கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கும். பாடப் பாடத்தான் வெளிச்சம் வரும். இடி முழக்கத்தோடு போட்டிக்குப் போனால் தோல்விதான் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து நிற்கிறதைக் குறைத்தார். மேலே தொட்டவுடன் வளைத்துக் கீழே இறக்கினார். அந்த வளைவுகளை அவர் வானத்தில் இருந்து எடுக்கவில்லை. பெண் வேசப் பாட்டு, தகப்பனின் கிழவி வேசப் பாட்டு, பெய்ஜிங் தெருக்களில் மேளம் தட்டிக் கதை பாடுகிறவர்களின் மெட்டு என்று கண்ட இடமெல்லாம் பொறுக்கினார்.

என்னைப் போன்ற பக்கவாத்தியக்காரனுக்குப் பிடித்தது வேறு. அவர் தாளத்தோடு விளையாடுவார். தட்டு விழுகிற இடத்தில் சொல் விழாது, ஒரு சொட்டுப் பிந்தித்தான் விழும். கேட்கிறவன் தவறிவிட்டார் என்று நினைப்பதற்குள் வந்து சேர்ந்திருப்பார். இதுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார், மெய் யூட்டியான். நீ தேடினால் வருகிற மெய் லான்ஃபாங்கின் பெரியப்பா. ஜிங்ஹு வாசித்தவர். இரண்டே நரம்பு, மூங்கில் குடம், பாம்புத்தோல், கூச்சலான ஒரு சின்ன வாத்தியம். டான் மூச்செடுக்கிற இடைவெளி வெளியே தெரியாமல் அதை வைத்து மூடிக்கொண்டு போவார். குரல் குறைந்தவனுக்கு வாத்தியக்காரன் வாய்த்தால் பாதி வேலை முடிந்தது. இதை நான் சொல்லாமல் வேறு ஆர் சொல்வது!

1890இல் அரண்மனைக்குப் பாட எடுத்தார்கள். சிஷி பேரரசிக்கு அவரில் கொள்ளை விருப்பம். 1905இல் பெய்ஜிங்கில் ஃபெங்தாய் என்ற படப்பிடிப்பு நிலையம் சீனாவின் முதல் திரைப்படத்தை எடுத்தபோது அவரைத்தான் நிறுத்தினார்கள். கிழத்தளபதி ஹுவாங் சோங் வேசம். பேசாப் படம், அதனால் வாள் வீச்சும் சண்டையும்தான். நாடே பாட்டுக்காகக் கொண்டாடிய ஆள் முதல் படத்தில் வாய் திறந்தும் சத்தமில்லை. அந்தப் படமும் இன்று இல்லை.

குளக்கட்டு:

ஆர்மோனியக்கார அண்ணை, எல்லாம் நல்லாயிருக்கு. ஆனால் தம்பி இதை வாசித்துவிட்டுக் காத்தானைக் குழைத்துக் குழைத்துப் பாடினால் அது சினிமாப் பாட்டாகிப் போகும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் மேலே குரல் எழும்ப வேணும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் வரவுத் தரு பாடிக்கொண்டு ஆள் களரிக்கு ஏறும்போது ஒரு கம்பீரம் இருக்கே, அது இனிமையால் வருகிறதில்லை. செங் சொன்னதுதான் சரி என்பேன்.

ஆர்மோனியக்காரன், வவுனியா:

குளக்கட்டு, பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். டானின் காலத்திலேயே பழைய முறைக்கு ஆட்கள் இருந்தார்கள். வாங் குய்ஃபென் என்பவர் செங்குக்குப் பக்கவாத்தியம் வாசித்தே அவருடைய பாட்டை அப்படியே பிடித்தவர். சுன் ஜூஷியான் என்று இன்னொருவர், பெருங்குரல், 1931 வரை இருந்தார். டானோடு சேர்த்து இந்த மூவரையும் ஒரு வரிசையில்தான் வைத்தார்கள். பிறகுதான் எல்லோரும் டானைப் பார்த்துப் பாடப் போனார்கள், இடி முழக்கம் ஒதுங்கியது. அது நட்டம்தான்.

ஆனால் டான் பாடினது வெறும் குழைவு என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆளைத் தெரிந்து பாடினார். அவருக்குப் பேர்போன வேசங்களைப் பாருங்கோ. சத்திரக் கூலி கட்ட வழியில்லாமல் குதிரையை விற்க நிற்கிற வீரன் சின் சியோங். நோயில் விழுந்து சாகக் கிடக்கிற தளபதி யாங். இவர்கள் இடி மாதிரிப் பாடினால் ஆர் நம்புவான்? எங்கள் அரிச்சந்திரன் மயானத்தில் நின்று வரவுத் தரு வேகத்தில் பாடுவானா?

முள்ளியவளைக் காத்தான்:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணை. அவருடைய பாட்டு கேட்கக் கிடைக்குமா? அவரிடம் படித்தவர்கள் ஆரும் இருந்தார்களா?

ஆர்மோனியக்காரன், வவுனியா:

கிடைக்கும். 1907இலும் 1912இலும் பாதே என்ற பிரெஞ்சுக் கம்பனி பதிந்த இசைத்தட்டுகள் இருக்கு. மொத்தம் ஏழரைத் தட்டு என்று சீனர்கள் கணக்குச் சொல்வார்கள் (எங்களுக்கு ஏழரை என்றால் சனிதான் நினைவு வரும், அது வேற கதை). யூரியூப்பில் தேடினால் வரும். இரைச்சல் கூட, முதலில் ஒன்றும் விளங்காது. 1907இல் பதிந்த சின் சியோங் பாட்டில் இருந்து தொடங்கு. பாட்டை விட்டுவிட்டு ஜிங்ஹு எங்கே நிரப்புது என்று மட்டும் கேள். பிறகு பாட்டைக் கேள்.

படித்தவர் என்றால் யூ ஷுயான். உனக்கு அவர்தான் கிட்ட. சின்னப் பெடியனாய்ப் பேர் எடுத்து, குரல் உடைந்து மேடையை விட்டவர். டான் அவரைச் சீடனாக எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது மிகக் கொஞ்சம். மிச்சத்தை யூ அரங்கில் உட்கார்ந்து கேட்டும், டானோடு வாசித்தவர்களைக் கேட்டும் பிடித்தார். அவருடைய பதிவுகள் டானுடையதைவிடத் தெளிவு.

டானின் முடிவு நல்லதில்லை. 1917இல் நோயாய்க் கிடந்தவரை, பெய்ஜிங்குக்கு வந்த குவாங்ஷி படைத்தலைவர் ஒருவரின் வரவேற்புக்குப் பாடச் சொல்லி வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள். சாகக் கிடக்கிற யாங் வேசத்தைத்தான் பாடினார். அந்த மே மாதமே போய்விட்டார். மகன், பேரன் என்று அந்தக் குடும்பம் இன்னும் மேடையில் இருக்கு.

தம்பி, உனக்கு ஒரு வேலை. சுருதியை ஒரு கட்டை இறக்கி, நீ பாடுகிற தரு ஒன்றைப் போனில் பதிந்து இங்கே போடு. மத்தளமும் சேர்ந்து இருக்கட்டும். மாமா ஏசினால் குளக்கட்டு அண்ணை சமாளிப்பார்.

குளக்கட்டு:

என்னை ஏன் மாட்டுறீங்கள்? சரி, போடு தம்பி, கேட்டுவிட்டுச் சொல்லுறன். ஆனால் சல்லரியையும் சேர்த்துப் பதிய வேணும்.