பதில்: உங்கள் கட்டுரையில் வரும் கோஹிரருக்கு (coherer, ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்தியில் மின்காந்த அலைகளை உணர்ந்த குழாய்) தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘ஓரியலி’ என்று வைத்துவிடலாமே, பாடநூலில் இருக்கிற சொல்தானே?

வேண்டாம் ஐயா. பாடநூலில் வரும் ‘ஓரியல் மூலங்கள்’ (coherent sources) அலைகளின் கட்டத்தை (phase) பற்றியவை. இங்கே அலைகள் ஒன்றும் ஓரியல்பாவதில்லை, குழாய்க்குள் கிடக்கும் உலோகத்தூள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வேர்ச்சொல் ஒன்று என்பதற்காக நாமும் அதே குழப்பத்தை இழுத்துக்கொள்ள வேண்டுமா?

பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1890இல் பாரிசில் எடுவார் பிரான்லி கண்டது இதுதான்: கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூள் போன்ற ஒன்றை நிரப்பினால் அது மின்சாரத்தை எளிதில் விடாது, பக்கத்தில் எங்காவது மின்பொறி பறந்தால் சட்டென்று கடத்த ஆரம்பித்துவிடும். அப்புறம் பொறி நின்றாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, குழாயை ஒரு தட்டு தட்டினால்தான் தூள் கலையும். 1894இல் இதற்குக் கோஹிரர் என்று பெயரிட்டவர் ஆங்கில இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ். மறுவருடம் ருசியாவில் பப்போவ் செய்த கருவியில் மணியடிக்கிற சுத்தியே திரும்பி வரும்போது குழாயையும் தட்டிவிடும், எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

> என் பரிந்துரை: ஒட்டுணரி.

வேகமாகப் படித்தால் ஒட்டுண்ணி என்று விழுகிறது, மன்னிக்கவும்.

நான் முதலில் நினைத்தது ‘திரளுணரி’. ஆனால் வெப்பவுணரி வெப்பத்தை உணர்வது என்றால் திரளுணரி திரளை உணர்வதாகிவிடும், கூட்டத்தை எண்ணும் கருவி மாதிரி. எனவே இப்போது என் கட்சி ‘திரள்குழல்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. தட்டுகிற உறுப்புக்குக் ‘கலைப்பான்’. கூட்டம் திரளும், கலையும், தமிழில் இந்த இரண்டு வினைகளும் ஏற்கெனவே ஜோடிதான். (வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை யாராவது எடுப்பீர்கள் என்று தெரியும். இங்கே உடைப்பதுதான் வேலையே.)

> பாதரசம் வைத்த வகைக்கு இது பொருந்தாதே?

நல்ல கேள்வி. 1899இல் ஜகதீஷ் சந்திர போஸ் எழுதிய இரும்பு–பாதரச வகையிலும், 1901இல் நியூஃபவுண்ட்லாந்தில் மார்க்கோனி காதில் தொலைபேசியின் கேட்புக்குழலை வைத்துக் கேட்ட வகையிலும் தூளும் இல்லை, தட்டவும் வேண்டாம். அதைத் ‘தன்கலை குழல்’ என்று தனியாகவே வைக்கலாம். அதற்குள் நடப்பது திரள்வதே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு, ஆகவே ‘திரள்’ இல்லாமலிருப்பதே நல்லது.

உங்கள் கட்டுரையில் ஒரு வரியையும் மாற்றச் சொல்வேன். ‘கோஹிரரால் வானொலி பிறந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள், கம்பியில்லாத் தந்தி பிறந்தது என்றால் சரி. இந்தக் குழலுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும், மோர்சின் புள்ளிக்கும் கோட்டுக்கும் அது போதும். குரல் என்றால் அலையின் வீச்சு கூடுவதையும் குறைவதையும் பின்தொடர வேண்டும், ஒருமுறை ஒட்டிக்கொண்டு தட்டுக்குக் காத்திருக்கும் தூளால் அது ஆகாது. அதனால்தான் குரலை அனுப்ப நினைத்த ஃபெசண்டன் இதை ஒதுக்கிவிட்டு, அமிலத்தில் மெல்லிய பிளாட்டினக் கம்பி நுனியைத் தொடவிட்ட வேறொரு உணரிக்குப் போனார். அதற்கு (electrolytic detector) ‘மின்பகு உணரி’ போதும் என்று நினைக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.