ஜெர்மன் டெர், டீ, டாஸ்: மனப்பாடத்தைத் தவிர வேறு வழியே இல்லையா?

கடைமடைப்பொண்ணு, மன்னார்குடி:
நர்சிங் முடித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஜெர்மன் படிக்கிறேன். ஏ2 நிலை ஓடிக்கொண்டிருக்கிறது, பி2 வரை போயாக வேண்டும். வினைச்சொல்லெல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டுகிற இந்த டெர், டீ, டாஸ்தான் உயிரை வாங்குகிறது. ஸ்பூன் டெர் லொஃபல், ஆண்பால். முள்கரண்டி டீ காபல், பெண்பால். கத்தி டாஸ் மெஸர், ரெண்டும் இல்லை. சரி, அதெல்லாம் பொருள், போகட்டும் என்றால் சின்னப் பெண்ணுக்கான மேட்சென் என்ற சொல்லும் டாஸாம்! வகுப்பில் கேட்டால் "மனப்பாடம் பண்ணும்மா" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கிற நேரமெல்லாம் பட்டியலைத்தான் உருப்போடுகிறேன், மறுநாள் பாதி காணாமல் போய்விடுகிறது. இதில் ஏதாவது கணக்கு உண்டா? பேச்சுத் தேர்வில் டெர், டீ மாறிப்போனால் ஃபெயிலா?

அரசலாறு, கும்பகோணம்:
கணக்கு உண்டு தங்கச்சி, ஆனால் பொருளில் தேடினால் கிடைக்காது, சொல்லின் வாலில் தேடணும். உங்க துறைச் சொல்லையே எடுத்துக்குவோம். உங், ஹைட், கைட், ஷாஃப்ட், சியோன், டேட் என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீ போடலாம்: நோய் கிராங்க்ஹைட், ஆபரேஷன் ஓப்பெரட்சியோன், டிரிப்ஸ் இன்ஃபுசியோன், எல்லாம் டீ. மருந்துக்கான மெடிகமென்ட் மாதிரி மென்ட் என்று முடிபவை பெரும்பாலும் டாஸ். உங்களைக் குழப்பின மேட்சென் டாஸ் ஆனதுக்கும் கடைசியில் இருக்கிற சென்தான் காரணம். அந்த வால் ஒட்டினால் எதுவாக இருந்தாலும் டாஸ்.

ஜெர்மன்காரன் சொல்லோடு சொல்லை ஒட்டி ரயில் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டே போவான், அதிலும் கடைசிப் பெட்டிதான் பாலைச் சொல்லும். ரத்தம் டாஸ் புளூட். அழுத்தம் டெர் ட்ருக், அதனால் ரத்த அழுத்தம் டெர் புளூட்ட்ருக். பி.பி. பார்க்கிற கருவி புளூட்ட்ருக்மெஸ்கெரேட், கருவிக்கான கெரேட் டாஸ் என்பதால் முழுச் சொல்லும் மறுபடி டாஸ். கடைசித் துண்டு மட்டும் தெரிந்தால் போதும், முன்னாடி எத்தனை ஒட்டியிருந்தாலும் கவலையில்லை.

ஏ என்று முடிகிற சொற்களிலும் பெரும்பாலானவை டீ. ஊசி ஷ்ப்ரிட்சே, புண் வுண்டே, மாத்திரை டப்லெட்டே, சிறுநீரகம் நீரே. விதிவிலக்கு உண்டு, கண்ணுக்கான ஔகே டாஸ், பெயருக்கான நாமே டெர். கூட வேலை பார்ப்பவருக்கான டெர் கொல்லேகே மாதிரி ஆணைக் குறிக்கிற சில சொற்களும் அப்படித்தான்.

பழையவாத்தி, திருவையாறு:
அரசலாறு சொன்ன விதியெல்லாம் சரி, ஆனால் அதை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. அன்றாடம் புழங்குகிற குட்டிச் சொற்களுக்குத்தான் வால் இருக்காது. வீடு ஹவுஸ், மேஜை டிஷ், கை ஹாண்ட், இதில் எந்த வாலைப் பிடிப்பது? இன்னொன்று, இந்தப் பக்கம் சின்ன வயசில் இந்தி பிரச்சார சபாப் பரீட்சை எழுதினவங்க நிறைய. அந்த இந்திப் பாலை ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கேன். இந்தியில் கை ஆண்பால், ஜெர்மனில் டீ ஹாண்ட். இந்தியில் நாற்காலி பெண்பால், இங்கே டெர் ஷ்டூல். அதைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு வரணும். (நம்ம ஊர் டிகிரி காபி டெர் காஃபே, அதில் ஊற்றுகிற பால் மட்டும் டீ மில்ஷ். ஏன் என்று கேட்டால் அவங்களுக்கும் தெரியாது.)

வார்டுக்காரி, ஜெர்மனியிலிருந்து, சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி:
ரெண்டு பேரும் பட்டியலைச் சுற்றியே பேசுறீங்க. தனிச் சொல்லாகப் படித்தால் வார்டில் உதவாது தங்கச்சி, ஏன்னா வாக்கியத்துக்குள் போனதும் அந்த டெர், டீயே மாறிடும். 'உடன்' என்று அர்த்தம் வருகிற மிட் என்ற சொல்லுக்குப் பின்னால் டீ ஷ்ப்ரிட்சே மிட் டெர் ஷ்ப்ரிட்சே ஆகும். அதைக் காதில் கேட்டுட்டு ஊசி ஆண்பால் என்று எழுதி வச்சுக்கிட்டவங்க உண்டு. அதனால் செய்கிற வேலையோடு சேர்த்துப் படி. பி.பி. பார்ப்பது டென் புளூட்ட்ருக் மெஸ்ஸன். கட்டு மாற்றுவது டென் ஃபெர்பாண்ட் வெக்ஸெல்ன். புண்ணைச் சுத்தம் செய்வது டீ வுண்டே ரைனிகன். படுக்கை போடுவது டாஸ் பெட் மாக்கன். இந்த இடத்தில் டெர் மட்டும்தான் டென் ஆகும், மற்ற ரெண்டும் அப்படியே நிற்கும். டென் என்று வாயில் வந்துவிட்டால் அந்தச் சொல் ஆண்பால் என்பதைத் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. சத்தமாகச் சொல்லிப் படி, பஸ்ஸில் நாலு பேர் பார்த்தா பார்க்கட்டும்.

தேர்வுக்குப் பயப்படாதே. கோதே இன்ஸ்டிட்யூட் நடத்துகிற பி1 பேச்சுத் தேர்வில் கேட்டதைச் செய்தாயா, எதிராளியோடு பேச்சு ஓடுதா, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று பிரித்துத்தான் மார்க் போடுவாங்க. நூற்றுக்கு 60 வந்தால் பாஸ். டீக்குப் பதில் டெர் வந்ததுக்காக யாரும் வெளியே அனுப்ப மாட்டாங்க. அதையே யோசிச்சுட்டு நடுவில் வாயடைத்து நின்றால்தான் ஆபத்து.

கடைமடைப்பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. உடல் உறுப்பு எல்லாத்தையும் வேலையோடு எப்படிச் சேர்ப்பது? அதில்தான் கலவையாக வருது.

வார்டுக்காரி:
வலியோடு சேர்த்துடு. நோயாளி தினம் சொல்வது அதுதானே: டெர் ரூக்கன் டூட் வே, முதுகு வலிக்குது. டாஸ் வருவது கம்மிதான், அதை முதலில் முடி: இதயம் ஹெர்ட்ஸ், காது ஓர், கண் ஔகே, முழங்கால் க்னீ, கால் பைன். பாதம் மட்டும் டெர் ஃபூஸ், காலையும் பாதத்தையும் ஒரே நாளில் படிக்காதே.