அல்ட்ராசோனிக் ஸ்பாட் வெல்டிங்: முதல் புள்ளி பிடிக்கிறது, அடுத்தது பிடிக்கவில்லை

காம்போசிட்_மாணவன்:
கார்பன் ஃபைபர் பிபிஎஸ் (சூட்டில் உருகும் ஒரு பிளாஸ்டிக்) தகடுகளை, அதிர்வால் உருக்கி ஒட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் மெஷினில் ஒட்டுகிறேன். நடுவே எனர்ஜி டைரக்டராக, அதாவது சூடு இணைப்பிலேயே சேர்ந்து முதலில் உருகுவதற்காக, 0.25 மி.மீ. பிபிஎஸ் ஃபிலிம். சின்னத் துண்டில் ஒற்றைப் புள்ளி போட்டால் நன்றாகப் பிடிக்கிறது. அதே ஜூல் அளவில் நீளப் பட்டையில் வரிசையாகப் போட்டால் முதல் புள்ளி மட்டும் சரி. அடுத்ததைப் பிரித்தால் ஓரத்தில் ஃபிலிம் உருகாமல் பளபளவென்று அப்படியே இருக்கிறது. ஜூலை ஏற்றினால் முதல் புள்ளியில் ஃபைபர் பிதுங்குகிறது. ஹார்னை (மேலிருந்து அழுத்தி அதிர்வைச் செலுத்தும் உலோக முனை) மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரன்:
ஹார்னைத் தொடாதீர்கள். மெஷின் காட்டும் ஜூல் முழுதும் இணைப்புக்குள் போவதில்லை. கிளாம்ப், அன்வில் (அடியில் தாங்கும் கட்டை), தகடு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். முதல் புள்ளி ஒட்டியதும் தகடுகள் அங்கே இறுகிவிடும். அப்புறம் அடுத்த புள்ளிக்கு அதே ஜூல் போதாது. குறித்த ஜூல் போனதும் நிற்கும் எனர்ஜி மோடை விட்டுவிட்டு, ஹார்ன் கீழே இறங்கும் தூரத்தை வைத்து நிறுத்துங்கள். ஃபிலிம் எவ்வளவு பிதுங்கியது என்பதை அந்தத் தூரம்தான் நேராகச் சொல்லும்.

எவ்வளவு தூரம் என்றால், மெஷின் வரையும் பவர் கர்வைப் (நேரத்தோடு பவர் ஏறி இறங்கும் கோடு) பாருங்கள். முதலில் பவர் உச்சிக்கு ஏறி விழும். அதுவரை ஹார்ன் பெரிதாக இறங்காது. ஃபிலிம் முழுக்க உருகியதும் ஹார்ன் இறங்கும், பவர் மறுபடி ஏறும். ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். தகட்டின் மேல் அடுக்கு ரெசினும் அப்போதுதான் உருகத் தொடங்கியிருக்கும். அதையும் தாண்டிப் பவர் இறங்கினால் தகடே உள்ளுக்குள் உருகுகிறது. உங்கள் ஃபைபர் பிதுங்கல் அதுதான். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஐரீன் ஃபெர்னாண்டஸ் வில்லெகாஸ் இந்தக் கட்டங்களைப் பிரித்து எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

உருகுநிலை:
அதிர்வு நின்றதும் அழுத்தத்தை எடுத்துவிடுகிறீர்களா? பிபிஎஸ் 280 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகுவது. அழுத்தம் இல்லாமல் ஆறினால் உள்ளே குமிழி தங்கிவிடும். சில விநாடி பிடித்து வையுங்கள்.

காம்போசிட்_மாணவன்:
அழுத்தம் பிடித்துத்தான் வைக்கிறேன். தூரத்தை வைத்து நிறுத்திப் பார்த்தேன். பட்டையின் நடுப் புள்ளிகள் நன்றாகப் பிடிக்கின்றன: பிரித்தால் ஃபிலிம் மிச்சமே இல்லை, ஃபைபரோடு கிழிகிறது. ஜூல் மட்டும் புள்ளிக்குப் புள்ளி தாறுமாறு. ஓரத்தில் இருக்கும் கடைசிப் புள்ளி இன்னமும் ஒரு பக்கம்தான் உருகுகிறது.

பட்டறைக்காரன்:
ஜூல் மாறட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசிப் புள்ளிக்குக் கிளாம்பை இன்னும் கிட்டே நகர்த்துங்கள், தகடு அங்கே தூக்கிக்கொண்டிருக்கும். கூடவே ஹார்னுக்கு அடியில் வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் வைத்து, அதிர்வு இல்லாமல் ஒரு அழுத்து அழுத்துங்கள். அச்சு ஒரு பக்கம் மங்கலாக விழுந்தால் ஹார்னும் அன்வில்லும் இணையாக இல்லை, ஷிம் (மெல்லிய இடைத்துண்டு) வைத்துச் சரிசெய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்தப் புள்ளியின் கர்வைப் போடுங்கள்.