டீசல் டேங்க்ல ஃபுட் வால்வு ரெண்டு தடவை மாத்தியும் காலையில பம்ப் ஏர் லாக் ஆகுது, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்கற லைன்ல ரொம்ப நாளா ஒரு தொல்லை. டேங்க் தரைக்கு கீழ, பம்ப் மேல, டீசல் மட்டத்துல இருந்து பம்ப் வரைக்கும் சுமார் 3 மீட்டர். சாயங்காலம் நல்லா ஓடுது, ராத்திரி பூரா நிறுத்தி வச்சு காலையில போட்டா வெறும் காத்துதான் வருது, ஃபில்டர் மூடிய கழட்டி கையால டீசல் ஊத்தினாதான் எடுக்குது. ஃபுட் வால்வு (பைப்போட அடி நுனியில, டீசல் திரும்ப இறங்காம தடுக்கற வால்வு) போச்சுன்னு ரெண்டு தடவை மாத்தியாச்சு. தண்ணி மோட்டாருக்கு போடறோமே அதே பித்தளை வால்வுதான். புதுசு போட்டா ரெண்டு வாரம் ஒழுங்கா இருக்கு, அப்புறம் மறுபடியும் இதே. பைப் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசின இரும்பு. கரண்ட் போற நேரத்துல இது எடுக்கலன்னா பெரிய சிக்கல், யாராவது வழி சொல்லுங்க.

பதில் 1:
தண்ணி வால்வு போட்டதுதான் முதல் தப்பு சார். உள்ள இருக்கற ரப்பர் டீசலுக்குன்னு செஞ்சது இல்ல. ஈபிடிஎம், இயற்கை ரப்பர் எல்லாம் டீசல்ல ஊறி உப்பிடும், சீட்ல சரியா உக்காராது. டீசல் தாங்கற ரப்பரான நைட்ரைல் இல்லன்னா வைட்டான் சீல் போட்டதா கேட்டு வாங்குங்க, பாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருந்தா நல்லது. செம்பும் துத்தநாகமும் டீசலோட ரொம்ப நாள் சேர்ந்து கிடந்தா டீசல் சீக்கிரம் கெட்டு பிசின் மாதிரி படியும், அதனால பித்தளையும் ஜி.ஐ பைப்பும் ரெண்டுமே வேண்டாம். வால்வை டேங்க் அடியில முட்ட விடாதீங்க, 10, 15 சென்டிமீட்டர் மேல நிக்கட்டும், அடியில தண்ணியும் சகதியும் தங்கும். சாய்ஞ்சும் இருக்கக்கூடாது, நிறைய வால்வு தன் எடையிலதான் மூடுது.

பதில் 2:
மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா அதோட நிறுத்தினா மூணாவது வால்வும் மாத்துவீங்க. ஸ்ட்ராவுல ஜூஸ் உறிஞ்சி மேல் நுனிய விரலால மூடினா ஜூஸ் கீழ இறங்காது, அடியில எந்த வால்வும் கிடையாது. உங்க லைனும் அப்படித்தான். மேல எங்கயும் காத்து நுழையலன்னா ஃபுட் வால்வு கொஞ்சம் கசிஞ்சாகூட 3 மீட்டர் டீசல் அப்படியே நிக்கும். லைன் காலியாகுதுன்னா கீழ வால்வும் விடுது, மேல காத்தும் ஏறுது, ரெண்டும் சேர்ந்து நடக்குது. நீங்க பார்க்காதது அந்த மேல் பக்கம்.

பம்புக்கு பக்கத்துல, உறிஞ்சற பக்கம் ஒரு வாக்குவம் கேஜ் (உறிஞ்சற அளவை இஞ்ச் மெர்க்குரில காட்டற மீட்டர்) போடுங்க. 3 மீட்டருக்கு, பம்ப் நின்னப்புறமும் கிட்டத்தட்ட 7 இஞ்ச் மெர்க்குரி காட்டணும். முள்ளு கொஞ்சம் கொஞ்சமா பூஜ்ஜியத்துக்கு வந்தா காத்து ஏறுது. சோப்பு தண்ணி அடிச்சு பார்க்காதீங்க, வாக்குவம் லைன்ல காத்து உள்ளதான் போகும், குமிழ் வெளிய வராது. அதுக்கு பதிலா டீசல் தாங்கற கண்ணாடி மாதிரி ஹோஸ் துண்டு ஒண்ணு தற்காலிகமா போட்டு ஓட்டுங்க, குமிழ் ஓடறது கண்ணுக்கே தெரியும். ஹோஸை ஒவ்வொரு ஜாயிண்ட்டா டேங்க் பக்கம் தள்ளிப் போடுங்க, குமிழ் எங்க நிக்குதோ அப்ப கடைசியா தாண்டி வந்த ஜாயிண்ட்தான் ஆளு. யூனியன், பம்ப் ஷாஃப்ட் சீல், முக்கியமா ஃபில்டர் மூடி ஓ ரிங் (ரப்பர் வளையம்) எல்லாம் பாருங்க, தினமும் அந்த மூடியத்தான் கழட்டறீங்க.

பதில் 3:
பெட்ரோல் பங்க் வேலை பார்த்தவன் சொல்றேன். அங்க மேல இருந்து உறிஞ்சற சக்ஷன் பம்ப் இருந்தா செக் வால்வை (ஒரு பக்கம் மட்டும் விடற வால்வு) டேங்க் அடியில வைக்காம பம்புக்கு நேர் கீழ வைக்கற முறை இருக்கு, பைப் டேங்க் பக்கம் சரிவா இருக்கும். மண்ணுக்குள்ள பைப் ஓட்டையானா எண்ணெய் மண்ணுல போகாம டேங்குக்கே திரும்பிடும். அமெரிக்காவுல இந்த அமைப்பு இருந்தா அந்த பைப்புக்கு தனியா கசிவு கண்டுபிடிக்கற ஏற்பாடே கேக்க மாட்டாங்க. உங்க பைப் மண்ணுக்குள்ள போகுதுன்னா இதையும் யோசிங்க. இன்னொண்ணு, ஃபுட் வால்வுக்கும், லைன்ல கரண்ட்ல திறந்து மூடற சோலனாய்டு வால்வு இருந்தா அதுக்கும் நடுவுல டீசல் அடைபட்டா வெயில்ல விரிஞ்சு பிரஷர் ஏறும், அந்த பிரஷரை டேங்குக்கு விடற ரிலீஃப் உள்ள ஃபுட் வால்வா வாங்குங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. ஹோஸ் போட்டு பார்த்தோம், குமிழ் ஃபில்டர்ல இருந்துதான் வந்துச்சு, மூடி ஓ ரிங் தட்டையாகி ஒரு இடத்துல வெட்டே விழுந்திருக்கு. நைட்ரைல் ஓ ரிங் மட்டும் மாத்தி பழைய வால்வோடவே விட்டோம், நாலு நாளா காலையில முதல் ஸ்டார்ட்லயே எடுக்குது. ஸ்டீல் வால்வு சொல்லியிருக்கோம், வந்ததும் ஜி.ஐ பைப்பையும் சேர்த்து கழட்டப் போறோம்.