மெடூசாவின் தெப்பம்: பட்டினி கிடந்தவனுக்கு இப்படியா உடம்பு இருக்கும்?

நெய்தல்:
பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கிற, பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைஞ்ச 'மெடூசாவின் தெப்பம்' ஓவியத்தை உண்மையை அப்படியே காட்டுதுன்னு புகழ்றாங்க, என்னால ஒத்துக்கவே முடியல. 1816ல மெடூசாங்கற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கா கரைகிட்ட தரைதட்டி, தெப்பத்துல ஏறினது கிட்டத்தட்ட 147 பேர், 13 நாள் கழிச்சு உயிரோட இருந்தது 15 பேர், அதுவும் செத்தவங்க சதையைத் தின்னு. படத்துல பாத்தா ஒவ்வொருத்தன் முதுகும் கர்லா சுத்தின பயில்வான் முதுகு. செத்தவங்களுக்குச் செய்யற நியாயமா இது?

கரிக்கோடு:
தெரியாம வரையல சகோ. பிழைச்சு வந்த கொரெயார், சவின்யி ரெண்டு பேரையும் பாத்துப் பேசினாரு, தெப்பத்துக்கு மாடல் செய்ய வச்சாரு, வெட்டுப்பட்ட கை காலை ஸ்டூடியோவுல வச்சு வரைஞ்சு பழகினாரு. இவ்ளோ பாத்தவரு வேணும்னேதான் அப்படி வரைஞ்சிருக்காரு. கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம் 7 மீட்டர் அகலம், அந்த சைஸ் அப்போ ராஜாவுக்கும் சாமிக்கும் போர் வீரனுக்கும்தான், அதைத் தூக்கி கைவிடப்பட்ட சாதாரண ஜனங்களுக்குக் குடுத்தாரு.

நெய்தல்:
சரி, குற்றவாளி எங்க? ஷோமரேன்னு ஒரு கேப்டன், 20 வருஷமா கப்பல் ஓட்டாத ஆளு, ராஜ விசுவாசிங்கறதுக்காகவே பதவி. தெப்பத்தை இழுத்துட்டுப் போன படகுக்காரங்க கயித்தை விட்டுட்டுப் போயிட்டாங்க. படத்துல அதெல்லாம் எதுவுமே இல்லையே!

உப்புக்காத்து:
நடுவுல வர்றேன். 1819 கண்காட்சியில வெறும் "கப்பல் விபத்துக் காட்சி"ன்னுதான் பேர் போட்டாங்க, ஆனா பாரிஸ்ல எந்தக் கப்பல்னு தெரியாதவங்க யாரு? அதைவிட முக்கியம், உச்சியில துணி வீசறது ஒரு கறுப்பினத்தவர். கப்பல் போனதே செனகல் காலனியை இங்கிலாந்துகிட்ட இருந்து திரும்ப வாங்க, பிரான்ஸ்ல அடிமை வியாபாரமும் அப்போ நிஜத்துல நிக்கல. அந்த நேரத்துல அவரை உச்சியில வைக்கிறது சின்ன விஷயமா?

நெய்தல்:
அது பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா தெப்பத்துல நடந்த கலகத்துக்கும் ஸ்கெட்ச் போட்டிருக்காரு, மனுஷனை மனுஷன் தின்னதுக்கும் போட்டிருக்காரு. அதை எல்லாம் விட்டுட்டு அவங்களைக் கடைசியில காப்பாத்தின ஆர்கஸ் கப்பல் தூரத்துல தெரியற நிமிஷத்தை எடுத்தது ஏன்?

கரிக்கோடு:
கலகத்தை வரைஞ்சா பழி யார் மேல விழும்? ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்ட இந்த ஜனங்க மேலதானே, கேப்டன் தப்பிச்சுப் போயிருவான். உங்களுக்கு வேண்டிய பிணமும் இருக்கு, இடது பக்கம் பெரியவர் பிடிச்சிருக்கிற பையனைப் பாருங்க.

நெய்தல்:
பழி விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஆனா அந்தப் பையனும் வத்திப்போகல, சிலை கணக்காத்தான் கிடக்கான். பசியை வரையாம அந்த 13 நாளைச் சொல்லவே முடியாது.