தண்டுவடக் காயம்: எலிகளிடம் கிடைத்த பலன் மனிதர்களிடம் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி (இயன்முறை மருத்துவ மாணவி)

வணக்கம். கை நரம்பு அறுந்தால், தைத்துச் சேர்த்த பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் நரம்பிழைகள் மீண்டும் வளர்கின்றன என்று படித்திருக்கிறோம். தண்டுவடத்தில் மட்டும் ஏன் அப்படி வளர்வதில்லை? 'முடங்கிய எலி மீண்டும் நடந்தது' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. நோயாளிகளின் குடும்பத்தார் அதைக் கைப்பேசியில் காட்டி, இந்த மருந்து எப்போது வரும் என்று கேட்கிறார்கள். பொய்யான நம்பிக்கையும் ஊட்டாமல், ஆய்வுகள் எல்லாம் வீண் என்றும் சொல்லாமல், அவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில் (நரம்பு உயிரியல் ஆய்வாளர்)

தடை நரம்பணுவுக்கு உள்ளே இருக்கிறதா, அதைச் சூழ்ந்துள்ள திசுவில் இருக்கிறதா என்பதுதான் இந்தத் துறையின் பழைய வழக்கு. மூளையிலும் தண்டுவடத்திலும் அறுபட்ட இழைகளின் முனை குமிழ்போல் வீங்கி அப்படியே நின்றுவிடுவதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ராமோன் இ கஹால் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வைத்தார். முதிர்ந்த மைய நரம்பு மண்டலத்துக்கு வளரும் திறனே இல்லை என்ற எண்ணம் அதன்பின் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, அதன் ஒரு முனையை முகுளத்திலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்தினார்கள். வளராது என்று கருதப்பட்ட அதே மைய நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வரை வளர்ந்தன. ஆனால் துண்டைக் கடந்து மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒரு பரிசோதனையிலேயே இருக்கிறது.

கை, கால்களில் உள்ளது போன்ற புறநரம்பில், இழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்கள், சிதைந்த மையலினை (நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையை) விரைவாக அகற்றி, வளரும் முனைக்குப் பாதை அமைத்துத் தருகின்றன. தண்டுவடத்தில் அந்தச் சிதைவுகள் நெடுநாள் கிடக்கின்றன. அங்குள்ள மையலினில் 'நோகோ' போன்ற புரதங்கள் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று சூரிக்கில் மார்ட்டின் ஷ்வாபின் குழு காட்டியது. காயத்தைச் சுற்றி உருவாகும் வடுவில் சேரும் காண்ட்ராய்டின் சல்பேட் மூலக்கூறுகளும் தடைதான். அவற்றைச் சிதைக்கும் நொதியைச் செலுத்தியபோது எலிகளின் இயக்கம் ஓரளவு மேம்பட்டதாக 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்படியானால் வடுவையே நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் வடு உருவாக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளை (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் செல்களை) நீக்கிப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் இழைகள் கூடுதலாக வளரவில்லை. வளரத் தூண்டும் காரணிகளைக் கொடுத்தபோதும், வடு இருந்த எலிகளில்தான் வளர்ச்சி நன்றாக இருந்தது.

உள்ளிருக்கும் தடையும் உண்டு. பிடென் என்ற மரபணுவை நீக்கினால் எலியின் பார்வை நரம்பிழைகள் வளர்கின்றன என்பது 2008இல் தெரியவந்தது. ஆனால் வளர்வது மட்டும் போதாது. இழை தனக்குரிய நரம்பணுவைக் கண்டடைந்து, அதனுடன் இணைந்து, மையலின் உறையையும் பெற வேண்டும்.

பதில் (மருத்துவப் பரிசோதனைகளின் புள்ளியியல் பணியில் இருப்பவர்)

'நடந்தது' என்ற சொல்லை முதலில் உரசிப் பாருங்கள். எலியின் நடையை அளக்க 0 முதல் 21 வரை புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 11 என்றால், பின்னங்கால்கள் உடல் எடையைத் தாங்கி அடி வைக்கின்றன. ஆனால் முன்னங்கால்களுடன் ஒத்திசைவு இல்லை. 8இலிருந்து 11க்கு ஏறிய எலியையும் செய்தித் தலைப்பு 'நடந்தது' என்றே எழுதும். மேலும், தண்டுவடம் முழுதாக அறுபடாமல் நசுங்கிய எலிகளில் எஞ்சிய இழைகளே பெரும் வேலையைச் செய்துவிடும். பலன் மருந்தால் வந்ததா, எஞ்சிய இழைகளால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று.

ஆய்வகத்தில் ஒரே வயது, ஒரே இனம், அளந்து ஏற்படுத்திய காயம், பெரும்பாலும் உடனடிச் சிகிச்சை. மனிதர்களிடம் இவற்றில் எதுவும் ஒத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, முதல் சில மாதங்களில் பலருக்கு இயல்பாகவே ஓரளவு முன்னேற்றம் வரும். ஒப்பீட்டுக் குழு (அந்த மருந்தைப் பெறாதவர்களின் குழு) இல்லாத ஆய்வில் அந்த முன்னேற்றமும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதற்குத் தலைக்காயச் சிகிச்சை ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு ஸ்டீராய்டு பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட 'கிராஷ்' பரிசோதனையின் முடிவு 2004இல் வந்தபோது, அதைப் பெற்றவர்களில் இரண்டு வாரங்களுக்குள் இறந்தோரின் விகிதம் கூடுதல் என்று தெரிந்தது. நோகோவைத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கழுத்துத் தண்டுவடக் காயமுற்றவர்களுக்குக் கொடுத்த ஐரோப்பியப் பரிசோதனையின் முடிவு 2024இல் வெளியானது. ஆறு மாதங்களில் கைகளின் தசை வலிமையில் குழுக்களிடையே தெளிவான வேறுபாடு இல்லை. பகுதிக் காயம் உடையவர்களிடம் பலனுக்கான அறிகுறி தென்பட்டது. அது அடுத்த பரிசோதனையில் சரிபார்க்க வேண்டிய ஊகமே தவிர, முடிவு ஆகாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால், மின்தூண்டலால் மனிதர்களே அடி எடுத்து வைக்கும் காணொளிகளை எப்படிப் புரிந்துகொள்வது? அவற்றில் இழைகள் வளர்ந்திருக்கின்றனவா?

பதில் (மறுவாழ்வு மருத்துவர்)

அந்தப் பலனுக்கு இழைகள் வளர வேண்டியதில்லை. காயத்துக்குக் கீழே நடைக்கான நரம்புச் சுற்றுகள் உயிரோடுதான் இருக்கின்றன. மேலிருந்து வரும் கட்டளை போதாததால் அவை அடங்கிக் கிடக்கின்றன. தண்டுவடத்தின் மேல் பொருத்திய மின்முனைகள், உள்ளே வரும் உணர்விழைகளைத் தூண்டி அந்தச் சுற்றுகளை விழிப்பு நிலைக்குக் கொண்டுவருகின்றன. அந்நிலையில், எஞ்சியிருக்கும் மெல்லிய கட்டளையும் தசையை அசைக்கப் போதுமானதாகிவிடும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தீவிர நடைப்பயிற்சியுடன் சேர்த்தே செய்தார்கள். உங்கள் துறைக்கு இது முக்கியம்: பயிற்சியைக் கழித்துவிட்டுக் கருவியை மட்டும் பேசக் கூடாது. தோலின் மேலிருந்தே தூண்டும் முறை, 60 பேர் பங்கேற்ற ஆய்வில் 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலிமையையும் செயல்பாட்டையும் மேம்படுத்தியதாக 2024இல் வெளிவந்தது. அதிலும் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை.

குடும்பத்தார் பெரும்பாலும் அடுத்ததாகக் கேட்பது, கட்டணம் வாங்கிக்கொண்டு போடப்படும் 'ஸ்டெம் செல்' ஊசியைப் பற்றியே. மூக்கின் சளிச்சவ்வு செல்களைத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது 2014இல் பதிவாகியுள்ளது. எனவே முதலில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: இது பதிவு செய்யப்பட்ட பரிசோதனையா, ஒப்பீட்டுக் குழு உண்டா, பங்கேற்க நோயாளியே பணம் கட்ட வேண்டுமா? கட்ட வேண்டும் என்றால், கையெழுத்திடும் முன் அந்தச் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் எல்லாத் தாள்களையும் காட்டச் சொல்லுங்கள்.